சி பிளாக்கில் கறுத்த பக்கிள்கள்

சி பிளாக்கில் மட்டும் பக்கிள் ஏன் கறுக்கிறது என்பது கன்னியப்பனுக்குப் பதினாறு நாளாகப் பிடிபடவில்லை.

பையன்களின் இடுப்பு பெல்ட்டில் இருக்கும் பித்தளை பக்கிள்தான். படுக்கப் போகுமுன் ஒவ்வொருவனும் பாலிஷ் போட்டு, முகம் தெரிகிற வரை துணியால் தேய்த்து, கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுத் தூங்குவான். காலை ஐந்தரைக்கு விசில் ஊதும்போது ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் பளபளப்பு அப்படியே இருக்கும். சி பிளாக்கில் டீக் கறை பட்டதுபோலப் பழுப்பேறிக் கிடக்கும். கிழக்குச் சுவர் ஓரக் கட்டில்களிலோ கறுத்தே போயிருக்கும். மூன்று பிளாக்குக்கும் ஒரே கடை பக்கிள், ஒரே டப்பா பாலிஷ்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கான ராணுவப் பயிற்சிப் பள்ளி அது. கன்னியப்பன் ராணுவத்தில் ஹவில்தாராகப் பதினேழு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே சி பிளாக் வார்டன். பையன்கள் பட்டாளத்து வழக்கப்படி அவரை உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள்.

பட்டாளத்துக்காரர் என்ன செய்வாரோ அதைத்தான் அவர் முதலில் செய்தார். முப்பத்தாறு பேரையும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டார். மறுநாளும் பக்கிள் கறுத்தது. பாலிஷை மாற்றினார்; கறுத்தது. கடைசியில் தானே ஒரு பக்கிளைத் தேய்த்து, கிழக்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். விடிந்து பார்த்தால் அதுவும் கறுப்பு. தன்னைத்தானே மைதானத்தைச் சுற்றவிட முடியாதே. இது பையன்களின் சோம்பல் இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, எட்டாம் வகுப்பு வசந்த் விசிலுக்கு எழுந்திருக்கவில்லை.

கன்னியப்பன் போர்வையை இழுத்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். பையன் கண்ணைத் திறந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான். கால் மடங்கி அவர் மேலேயே சாய்ந்து வாந்தி எடுத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓடினார்.

அங்கே நர்ஸ் பிரிசில்லா நாடி பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"இன்னா சார், உங்க பிளாக்லேர்ந்தே வர்றானுங்க? ஒரு வாரத்துல இவன் நாலாவது ஆளு. தலைவலி, கண்ணெரிச்சல், வாந்தி. ஜொரம் மட்டும் கெடையாது."

"சாப்பாட்டுல எதனா இருக்குமா சிஸ்டர்?"

"மூணு பிளாக்குக்கும் ஒரே மெஸ்ஸு. நீங்களும்தான் அதே உப்மாவைத் துன்றீங்க, உங்களுக்கு இன்னா ஆச்சு?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல வந்த மூணு பேரையும் எந்தக் கட்டில்னு கேட்டேன். மூணும் கெழக்குச் செவுரு. இவனும் அங்கதானே?"

வசந்த் படுத்தபடியே முனகினான். "மொதல்ல நாத்தம் அடிக்கும் உஸ்தாத். அழுவுன முட்டை மாதிரி. அப்புறம் போய்டும்."

"போய்டும்னா? காத்து அடிச்சா?"

"இல்ல. சும்மா படுத்திருப்போம். நாத்தம் மட்டும் இல்லாமப் போய்டும்."



அந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை காற்றோடு கலந்த விஷயம். அதை யாரும் தனியாக முகர்வதில்லை. ஆனால் இந்த முட்டை வாடை வேறு. அது வந்து, பிறகு காணாமல் போவதைப் பற்றி அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஏணியில் இறங்கியபோது, மேலே நின்றவனைப் பார்த்து, "நாத்தம் போச்சுடா, ஒண்ணுமில்ல" என்றாராம். நான்கு படி இறங்குவதற்குள் விழுந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கியவனும் விழுந்தான். நாற்றம் போகவில்லை, அதை அறிகிற மூக்கு முதலில் செத்துப்போனது. அடுத்த வருஷமே கன்னியப்பன் பட்டாளத்தில் சேர்ந்தார். தோல் ஷாப் பக்கமே திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் சேர்ந்தார்.

கறுத்த பக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே வேதியியல் கூடத்துக்குப் போனார். அங்கே ஆசிரியர் தபரேஸ் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க உஸ்தாத். எங்க வூட்டுல பாட்டுச் சொல்லித் தர்றவரைத்தான் உஸ்தாத்னுவோம். நீங்க என்னடான்னா காலங்காத்தால பையனுங்களை அழவுடுறீங்க" என்று ஆரம்பித்தவர், கன்னியப்பனின் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"பித்தளையில தாமிரம் இருக்கு. அழுகின முட்டை வாடை அடிக்குதே, அந்த வாயுவுல கந்தகம் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா கறுப்பு. உங்க பக்கிள் பதினாறு நாளா அதைத்தான் சொல்லிக்கினு இருக்குது."

"நான்தான் அதுக்குப் பையனுங்களை ஓடவுட்டேன்" என்றார் கன்னியப்பன்.

தபரேஸ் அலமாரியிலிருந்து ஈய உப்புக் கரைசலை எடுத்து, வடிதாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அதில் நனைத்தார். பக்கிளுக்கு ஒரு ராத்திரி வேண்டும். இந்தத் தாளுக்குச் சில நிமிஷம் போதும். வாயு பட்டால் வெள்ளைத் தாள் பழுப்பாகி, பிறகு கறுக்கும்.

பையன்கள் எல்லாரும் வகுப்பில் இருந்தார்கள். இருவரும் முதலில் சி பிளாக்கின் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தார்கள். கொசுவுக்குப் பயந்து மழைக்காலம் பூராவும் அவற்றைச் சாத்தியே வைத்திருந்தது அப்போதுதான் கன்னியப்பனுக்கு உறைத்தது. அரை மணி நேரம் வெளியே நின்றுவிட்டு, பத்துக் கீற்றுகளைச் சுவரோரமாக, கணுக்கால் உயரத்தில் ஒட்டினார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஒட்டியதும் மறுபடி வெளியே வந்துவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது ஒன்பது கீற்றுகள் வெள்ளையாக இருந்தன. கிழக்குச் சுவரில், பூட்டிய கதவு ஒன்றின் அடியில் ஒட்டிய கீற்று மட்டும் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது.

"அந்தக் கதவுக்குப் பின்னால இன்னா இருக்கு?"

"மூணாவது பாத்ரூம். இன்ஸ்பெக்ஷன் பாத்ரூம்."

"அப்டின்னா?"

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதிகாரி பார்வையிட வரும்போது காட்டுவதற்கென்றே ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள். யாரும் படுக்காத படுக்கை, யாரும் போடாத பூட்ஸ். கன்னியப்பன் ஒரு குளியலறையை வைத்திருந்தார். பிப்ரவரியில் ஓடுகளைத் தேய்த்து, தரையைத் துணியால் ஒற்றி எடுத்து, குழாயைத் துடைத்துப் பூட்டியவர், சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழவில்லை. போன தடவை வந்த பிரிகேடியர் அதைப் பார்த்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தபரேஸ் தரையில் விரலால் ஒரு கோடு போட்டார். கோடு கீழே இறங்கி, வளைந்து, கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி இறங்கியது.

"தண்ணி போற ஓட்டைக்குக் கீழ குழாய் இப்டி வளைஞ்சிருக்கும். இந்த வளைவுல எப்பவும் ஒரு சாண் தண்ணி நிக்கும். மேலேர்ந்து வர்ற தண்ணி இதைத் தள்ளிக்கினு போய்டும். ஆனா சாக்கடையிலேர்ந்து ஏறி வர்ற காத்து இதைத் தாண்ட முடியாது. அந்தத் தண்ணிதான் கதவு. யாரும் குளிக்கலன்னா தண்ணி காஞ்சுபோய்டும். கதவு தெறந்துகிச்சு."

"ஒம்போது மாசமா காஞ்சு கெடக்குதே. இப்ப மட்டும் எப்படி?"

"நம்ம குழாய் ரோட்டோரப் பெரிய சாக்கடையில போய்ச் சேருது. தோல்ல மயிரை எடுக்கிற சுண்ணாம்புத் தொட்டித் தண்ணியில கந்தகம் இருக்கும். தோலைப் பதப்படுத்தக் குரோம் போடுற தண்ணியில ஆசிட் இருக்கும். ரெண்டையும் தனித்தனியா அனுப்பணும்னு சட்டமே இருக்குது. யாரோ ரெண்டு மூணு வாரமா ரெண்டையும் ஒண்ணா வுடுறான். ரெண்டும் கலந்தா இந்த வாயு பொங்கும். பொங்குறது எங்க வழி கெடைக்குதோ அங்க ஏறும்."

மற்ற குளியலறைகளில் பையன்கள் தினமும் குளிக்கிறார்கள். அங்கே தண்ணீர்க் கதவு மூடியே இருந்தது. திறந்து கிடந்தது ஒன்றுதான். அதை அவர்தான் திறந்து வைத்துவிட்டு, வெளிக்கதவைப் பூட்டியிருந்தார். ஒரு விரல் தடிமனுக்குக் கதவடியில் இடைவெளி. அதற்கு எட்டடி தள்ளி வசந்தின் தலையணை.

கன்னியப்பன் எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்தார். அதைத் திருப்புமுன், பின்னாலேயே ஓடிவந்த தபரேஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாவியோடு வெளியே இழுத்தார்.

"எங்க போறீங்க? உள்ள எவ்ளோ நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு வாளி ஊத்திட்டு வந்துடறேன். மூச்சைப் புடிச்சுக்கினா..."

"குனிஞ்சு ஊத்துற நேரத்துல ஒரு மூச்சு தப்பிச்சா போதும். அப்புறம் உங்களைத் தூக்க நான் வரணும். நான் வரமாட்டேன் உஸ்தாத். பயமா இருக்குது."

கன்னியப்பன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அண்ணனைத் தூக்க இறங்கியவனுக்குப் பத்தொன்பது வயது என்பது நினைவுக்கு வந்தது. அவர் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

குளியலறையின் வெளிச்சுவரில், ஆளுயரத்துக்கு மேலே, கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்தார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக ஏணியைச் சாய்த்தார்கள். கன்னியப்பன் நீளமான மூங்கிலால் இரண்டு பட்டைகளைத் தட்டி உடைத்தார். ரப்பர் குழாயை மூங்கில் நுனியில் கட்டி உள்ளே செலுத்தினார். தரை சரிவாக இருந்ததால் தண்ணீர் தானாகவே ஓட்டையைத் தேடிப் போகும். பத்து நிமிஷம் விட்டார்கள். உள்ளே முதலில் களக் களக்கென்று சத்தம் கேட்டது. பிறகு சீராக ஓடும் சத்தம்.

அன்று முப்பத்தாறு பேருக்கும் மெஸ் கூடத்தில் பாய் விரிக்கச் சொன்னார் கன்னியப்பன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மறுநாள் காலை கதவடியில் ஒட்டியிருந்த புதுக் கீற்று வெள்ளையாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பிரிசில்லாவிடம் புதிதாக யாரும் வரவில்லை. சாக்கடையில் எவன் கலக்குகிறான் என்று கண்டுபிடிக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் போனது. அவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது.

பிரிகேடியரின் அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கன்னியப்பன் பள்ளி முதல்வரிடம் தன் தவறை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் ஒப்புதலோடு மூன்று பிளாக் பதிவேட்டிலும் ஒரே உத்தரவை எழுதி ஒட்டினார்:

எந்தக் குளியலறையும் பூட்டப்படாது. எல்லாவற்றிலும் பையன்கள் தினமும் குளிக்க வேண்டும். விடுமுறையில் பிளாக் காலியாக இருக்கும்போது, ஒவ்வொரு திங்கட்கிழமையும், தரையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும்.