மங்கள இசை ஆர்க்கைவில்

மயிலாப்பூரில் அந்த சபாவின் செயற்குழு அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஸஹானாவுக்குக் கொட்டாவியும் எரிச்சலும் சேர்ந்தே வரும். பழைய கச்சேரிப் பதிவுகளை ஹார்ட் டிஸ்குகளிலிருந்து எடுத்து, ஒழுங்குபடுத்தி, கிளவுடில் ஏற்றித் தர ஒப்புக்கொண்டிருந்தாள். ஒழுங்கு என்ற சொல் அந்தப் பக்கமே வந்ததில்லை என்பது முதல் டிஸ்கிலேயே தெரிந்தது. 'புதுசு', 'புதுசு கடைசி', 'இதான் கடைசி', 'மாமா சொன்னது' என்று ஃபோல்டர்கள். யார் பாடியது, எந்த வருஷம் என்று ஒன்றிலும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு அவளே பெயர் வைத்தாள்.

எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யக் குழு கூடியது. சிறுபிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் அவள் விளக்கினாள். ஒன்று, தொட்டவுடன் திறக்கும் சேமிப்பு, வாடகை அதிகம். இன்னொன்று ஆர்க்கைவ், வாடகை சொற்பம், ஆனால் கேட்டால் வந்து சேர அரை நாள் ஆகும்.

"அப்போ முக்கியமானதெல்லாம் தொட்டா தெறக்கறதுல வை," என்றார் செயலாளர் கபாலி.

முக்கியமானவை எவை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. பொருளாளர் சுப்புலக்ஷ்மியின் பெண்ணுடைய அரங்கேற்றம். கபாலி பொன்னாடை வாங்கிக்கொண்ட விழா, மூன்று கோணங்களில்.

"மாணிக்கவேலு நாகஸ்வரம் நிறைய இருக்கு சார். வருஷா வருஷம் அவர்தான் விழாவை ஆரம்பிச்சு வெச்சிருக்கார்."

"அது மங்கள இசைம்மா. ஜனம் வரதுக்கு முன்னாடி வாசிக்கறது. யார் கேக்கப்போறா? ஆர்க்கைவ்ல தள்ளு."

"அவசரத்துக்கு வராது சார்."

"அவசரமா நாகஸ்வரம் எதுக்கு? கல்யாணமா பண்ணி வெக்கப்போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கீதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மேடைதோறும் முழங்கும் கூட்டம் இது. இவர்களிடம் வாதாடி வாயை வலிக்கவைத்துக்கொள்வானேன் என்று ஆர்க்கைவிலேயே தள்ளிவிட்டாள்.

அடுத்த மாதமே மாணிக்கவேலு இறந்துபோனார். அஞ்சலிக் கூட்டத்துக்கு ஸஹானா போய் உட்கார்ந்த பிறகுதான் கபாலி வேகவேகமாக வந்து, அவர் வாசித்த மல்லாரியைத் திரையில் போடச் சொன்னார்.

"இப்போ கேட்டா நாளைக்குக் காலைலதான் சார் வரும். நீங்கதான் ஆர்க்கைவ்ல போடச் சொன்னீங்க."

கபாலி மேடையேறி மைக்கைப் பிடித்தார். "நம்ம கம்ப்யூட்டர் பொண்ணு ஏதோ கோளாறு பண்ணி வெச்சுட்டா. மன்னிக்கணும். கையில இருக்கறதைப் போடறோம்."

கையில் இருந்தது அவருடைய பொன்னாடை விழா. "ஓரத்துல பாருங்கோ, நம்ம மாணிக்கவேலு நின்னுண்டிருக்கார்!" என்று விரலை நீட்டினார். இறந்தவருக்கான கூட்டத்தில் மூன்று கோணங்களிலும் கபாலியே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸஹானா நேரே முன்வரிசைக்குப் போனாள். இறந்தவரின் மகள் அன்புச்செல்வி, தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவள், திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அப்பா வாசிச்சது ஒண்ணும் அழியலைங்க. எல்லாம் பத்திரமா இருக்கு. நாளைக்கு அத்தனையும் உங்களுக்கு அனுப்பறேன்."

"அது சரி, அந்தாளு ஒம்மேல பழி போட்டுக்கினு கீறான். நீ பாட்டுக்கு சும்மா நிக்கிற?"

"பதில் சொல்றதுக்காவது ஒரு மரியாதை இருக்கணுமில்ல? அதுகூட அவர் மேல எனக்கு இல்லை."

அன்புச்செல்வி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

சொன்னபடியே மறுநாள் பதிவுகள் வந்தன. ஸஹானா மொத்தத்தையும் அனுப்பிவைத்தாள். சற்று நேரத்தில் கபாலி கூப்பிட்டார். "அவா எடுத்துண்டாச்சோல்லியோ? மறுபடி உள்ளே தள்ளிடு. வீணா வாடகை ஏறும்."

"நீங்களே தள்ளிக்கோங்க சார். பாஸ்வேர்ட் உங்க மெயில்ல இருக்கு. நான் இனிமே வரமாட்டேன்."

அதன்பின் அந்த வேலைக்குக் கபாலி தன் மருமான் ஒருவனைப் போட்டுக்கொண்டார். அவள் கேட்டுக் கேட்டு வைத்த பெயர்களையெல்லாம் அழித்து, எல்லாவற்றையும் 'ஆல் சாங்ஸ்' என்று ஒரே ஃபோல்டரில் அவன் கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். கோபம்கூட வரவில்லை. அந்த இடத்துக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றியது.

அன்புச்செல்வி ஒருநாள் போன் செய்தாள்.

"யக்கா, கேட்டேன். அப்பா சூப்பரா வாசிக்கிறாரு. ஆனா பின்னாடி நாற்காலிய இழுக்கிறானுங்க, பேசிக்கினே கீறானுங்க. அந்தக் கபாலி தோச ரெடியான்னு கத்துறான். அவன் கொரல மட்டும் வெட்ட முடியுமா?"

"கஷ்டம். வெட்டினா அப்பா வாசிப்பும் சேர்ந்து போயிடும்."

"அப்ப வுட்டுரு," என்றாள் அன்புச்செல்வி. "இவனுங்க இப்டி கத்திக்கினு இருக்கிறப்பவும் எங்கப்பா சுதி வுடாம வாசிச்சாருன்னு ஊருக்குத் தெரியட்டும்."