காற்றில் வைத்த டம்ளர்

அந்த வீட்டில் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் உடைந்து குப்பைக்குப் போய்விட்டது. உடைத்தவள் ஏழு வயசுப் பொடிசு. வேண்டுமென்றே உடைக்கவில்லை. தண்ணீர் குடித்து முடித்ததும் டம்ளரைக் காற்றிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பதமாக விட்டுவிட்டுத் திரும்பி நடப்பாள். பின்னால் படாரென்று சத்தம் கேட்டதும் எல்லோரையும்விட அவள்தான் அதிகமாகத் திடுக்கிடுவாள்.

மூன்று வயதிலிருந்து அவள் விண்வெளியில் வளர்ந்தவள். டிவி சீரியலில்தான், ஆனாலும் வாரத்தில் ஐந்து நாள், பொழுது விடிந்து பொழுது சாயும்வரை. விண்கப்பலிலேயே பிறந்து, தரையை மிதிக்காமல் வளரும் குழந்தை வேஷம். அங்கே எந்தச் சாமானும் கீழே விழாது. மேலே குறுக்குப் பலகையில் குப்புறப் படுத்தபடி நூல் மாமா கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலைப் பிடித்திருப்பார். ஸ்பூனோ, டம்ளரோ, பொம்மையோ, அவள் விட்டால் அவர் வாங்கிக்கொள்வார். ஒன்றைக்கூட அவர் தவற விட்டதில்லை.

"ஈர்ப்பு விசைன்னு ஒண்ணு இருக்குடி" என்று அக்காக்காரி தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள்.

"கப்பல்ல இல்லையே."

"இது வீடு."

"எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரியல."

அக்காக்காரி இயற்பியல் படித்தவள். அவர்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி. பட்டம் வாங்கினால் வேலை கதவைத் தட்டும் என்று அவளிடம் சொன்னவர்கள் எவரும் அதன்பிறகு கண்ணில் படவில்லை. அம்மா துணி ஃபேக்டரியில் இஸ்திரி போடப் போவதால், தங்கச்சிக்குத் துணையாக ஷூட்டிங் வருவது இவள் வேலையாயிற்று. வந்த முதல் வாரமே, விண்வெளியில் ஒரு கப்பல் டமாரென்று வெடிக்க, "காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படி சார் கேக்கும்?" என்று டைரக்டரிடம் கேட்டுவிட்டாள்.

"சத்தம் இல்லன்னா ஜனங்க டிவி ரிப்பேர்னு நெனச்சுப்பாங்கம்மா" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் பெயர் விஞ்ஞானி. "விஞ்ஞானி, டீ வந்துருச்சு." "விஞ்ஞானி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது." படிப்புக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அந்தக் கப்பலை அவள் உள்ளும் புறமும் அறிவாள். முன்பு ஃபிரிட்ஜ் அடுக்கிவைத்த கிடங்கு அது. சுவரெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்த முட்டை அட்டை. தரை, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைகள். ஆளை வருஷக்கணக்கில் தூங்கவைக்கும் நீள்தூக்கப் பேழை என்று சீரியலில் பயபக்தியோடு பேசப்படும் வஸ்து, ஒரு ஃபைபர் குளியல் தொட்டியும் அதன்மேல் பொருத்திய ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடி மூடியும். பொடிசு மத்தியானத்தில் அதில்தான் குட்டித் தூக்கம் போடுவாள்.

அன்று காலை பொடிசின் வெள்ளி ஜாக்கெட்டில் கொக்கி பிய்ந்துவிட்டது. தைத்து வாங்க விஞ்ஞானி உடை அறைக்குப் போனாள். தையல்கார அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மெஷினில் இருந்தாள். மேஜைமேல் இன்னொரு வெள்ளி ஜாக்கெட் கிடந்தது. அதே துணி, அதே கழுத்து. இடது பையில் கோணலாக ஒரு மஞ்சள் ஒட்டு, அதுவும் அச்சு அசலாக அதே. ஆனால் விஞ்ஞானி போட்டால் அவளுக்கே சரியாக இருக்கும்.

"யாருக்குக்கா இது?"

தையல்கார அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினாள். அவ்வளவு பொறுமையாகக் குத்த அவசியமில்லை.

"உங்களுக்குச் சொல்லலையா?"

விஷயம் வெளியே வந்தது. இன்று சாயங்கால ஷாட்டில் குழந்தை பேழைக்குள் படுக்கிறது. அடுத்த வாரம் மூடி திறக்கும்போது பதினாறு வயசுப் பெண் எழுந்திருப்பாள். கதைக்கு ஒரு காதல் வேண்டுமாம். பொடிசுக்கு இன்றோடு வேலை முடிந்தது.

விஞ்ஞானி நேராக மேனேஜரிடம் போனாள். எவரையும் "தங்கம்" என்று கூப்பிடும் மனுஷர். இரண்டு கையிலும் இரண்டு ஃபோன்.

"மறைக்கணும்னு இல்ல தங்கம். ஷாட் முடியட்டும்னுதான். சீரியல்ல வர்ற கேப்டன் அப்பா 'ஒரே ராத்திரிதான்'னு சொல்வாரு, குழந்தை நம்பிச் சிரிச்சுக்கிட்டே தூங்கணும். விஷயம் தெரிஞ்சா மூஞ்சி தொங்கிடும். அப்புறம் யார் தூக்கி நிறுத்துறது?"

"கதையில அவளுக்குப் பொய் சொல்றீங்க சரி. இங்கயும் அதே பொய்யா?"

"உங்க அம்மாகிட்ட போன வாரமே சொல்லியாச்சும்மா. அவங்களே ஷாட் முடியட்டும்னுட்டாங்க." ஒரு ஃபோனைப் பையில் போட்டார். "ஷாட் கெட்டுப்போனா, நாளைக்கு வேற கம்பெனிக்காரன் அந்தக் குழந்தை எப்படின்னு எனக்குத்தான் ஃபோன் அடிப்பான். நான் என்ன சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அம்மாவுக்கு ஃபோன் அடித்தாள். பின்னணியில் நீராவி உஸ்ஸென்று சீறியது.

"சொல்லித் தொலைக்காதடி. பச்சப்புள்ள. சிரிச்சுட்டு வந்துடட்டும். வேற ஏதாவது வாய்ப்பு வந்தா வரும். இல்ல, போகப்போக மறந்துடும்."

"திங்கக்கிழமை ஷூ மாட்டிக்கிட்டு வண்டிக்கு உக்காந்திருப்பாளே, அப்ப என்ன சொல்லுவ?"

"வண்டி ரிப்பேர்னு சொல்லு."

"செவ்வாக்கிழமை?"

"படிச்ச திமிர எங்கிட்ட காட்டாத" என்று அம்மா வைத்துவிட்டாள்.

விஞ்ஞானி கூடைத் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒருமுறை இப்படித்தான் செய்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, வேலைக்குப் போன ஊரில் அப்பா இறந்துபோனார். பொடிசு அப்போது கைக்குழந்தை. விஞ்ஞானியைப் பெரியம்மா வீட்டில் தங்கவைத்து, "அப்பாவுக்குக் காய்ச்சல், நீ படி" என்றார்கள். பரீட்சை முடியட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, வினாத்தாளும் கையுமாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தவளிடம் பள்ளிக்கூட வாசலில் வைத்துச் சொன்னார்கள். அறிவியலில் வாங்கிய மார்க்கைச் சொந்தக்காரர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். சொல்லாமல் இருந்ததால்தானே வாங்கினாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அவள் இடத்தைக் காலி செய்துவிடுவாள்.

எழுந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை. பொடிசு பேழைக்குள் உட்கார்ந்து, விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றாள்.

"பொடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். பெல்ட் கடிக்குது."

அவளை அந்தரத்தில் தொங்கவிடும் பெல்ட்டை விஞ்ஞானி தளர்த்திவிட்டாள். தொடையில் சிவப்பாகத் தடம். "இன்னிக்கு இதுக்குள்ள படுக்கிற இல்ல?"

"ஆமா. கேப்டன் அப்பா ஒரே ராத்திரிம்பாரு. நான் 'காலையில என்னத்தான் மொதல்ல எழுப்பணும்'னு சொல்வேன். பொம்மைய விடுவேன். மூடி வரும். சிரிக்கணும்."

"ஒரு ராத்திரி இல்லடி. கதையில ஒன்பது வருஷம். மூடி திறக்கும்போது உள்ள நீ இருக்க மாட்ட. வேற ஒரு பெரிய அக்கா இருப்பா."

பொடிசு வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "எப்ப திறக்கும்?"

"அடுத்த வாரம்."

"அப்ப நான் எங்க இருப்பேன்?"

"வீட்ல. பள்ளிக்கூடத்துல."

"அதுக்கடுத்த வாரம்?"

"அப்பவும்தான். இங்க உனக்கு இன்னிக்குத்தான் கடைசி."

பொடிசு அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. "நூல் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அதான் காலையில ரெண்டு மிட்டாய் குடுத்தாரு." உதடு பிதுங்கியது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மணி நேரம் முன்னாடி."

"ஒரு மணி நேரமா சொல்லல!"

"ஆமா. தப்புத்தான்."

பொடிசு அழுதாள். சத்தமில்லாமல், மூக்கு ஒழுக, வெள்ளிப் பொட்டெல்லாம் கன்னத்தில் வழிய அழுதாள். விஞ்ஞானி அழாதே என்று சொல்லவில்லை. பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தொட்டி க்ரீச்சென்றது.

"எங்கிட்ட கேக்காம என் ஜாக்கெட்ட எப்படிப் பெருசாக்கலாம்?"

"ஆக்கக்கூடாது. ஆக்கிட்டாங்க."

"அந்த அக்காவுக்கு நூல்ல விடத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனக்கிறேன்."

"டபக்குனு விட்டா மாமா கைய அறுத்துடும்." மூக்கை ஜாக்கெட்டில் துடைத்தாள். "மேனேஜர் அங்கிள் உன்னத் திட்டுவாரா?"

"திட்டட்டும். எனக்கும் வாய் இருக்கு."

மேக்கப்காரி வந்து, "அய்யய்யோ, என்னடி கண்ணு மூஞ்சி இது?" என்று பதறினாள்.

"பெல்ட் கடிச்சிருச்சு" என்றாள் பொடிசு, அக்காவைப் பார்க்காமலேயே.

சாயங்காலம் ஷாட். கேப்டன் அப்பா அவள் நெற்றியைத் தடவி, கரகரத்த குரலில், "ஒரே ராத்திரிதான் கண்ணம்மா" என்றார். இடுப்புவலித் தைல விளம்பரத்திலும் அதே குரல்தான். விஞ்ஞானி கேமராவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்தபடி நின்றாள். பொடிசு இப்போது வாயைத் திறந்து என்ன சொன்னாலும் சொல்லலாம். கத்தலாம். எழுந்து ஓடலாம். அப்படிச் செய்தாலும் அவளை ஒரு சொல் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்திருந்தாள்.

"காலையில என்னத்தான் மொதல்ல எழுப்பணும்" என்றாள் பொடிசு. படுத்தாள். துணிப் பொம்மையை மேலே நீட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் விட்டது. பொம்மை மெதுவாக மிதந்து மேலே போனது. ஐஸ்கிரீம் மூடி நகர்ந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பொடிசு சிரித்தாள், கன்னத்தில் குழி விழ.

"கட்! ஓகே!" டைரக்டர் கைதட்டினார்.

மேனேஜர் விஞ்ஞானியிடம் குனிந்தார். "பாத்தீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா இந்தச் சிரிப்பு வருமா?"

"சொல்லிட்டேன் சார். சாப்பாட்டு நேரத்துலயே."

அவருடைய ஒரு ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.

"அவ நம்பிச் சிரிக்கல, நடிச்சா. நாலு வருஷமா அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கா. நாளைக்கு யாராவது கேட்டா இதையும் சேத்துச் சொல்லுங்க."

நூல் மாமா ஏணியில் இறங்கி வந்து பொம்மையை நீட்டினார். பொடிசு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்று அவள் பார்ப்பது ரொம்ப அபூர்வம்.

"மாமா, நீ இவ்ளோ குட்டையா?"

"நீ வளந்துட்டடி" என்று மூக்கை உறிஞ்சினார் அவர்.

உடை அறை வாசலில் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புதுப் பெண் நின்றிருந்தாள். பயந்த முகம். பொடிசு அவளிடம் போய் அந்த மஞ்சள் ஒட்டைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, "டபக்குனு விடாத. ஒவ்வொரு விரலா விடு. சுண்டுவிரல் கடைசி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வீட்டில் அம்மா அடுப்படி வாசலிலேயே காத்திருந்தாள். கண்ணாலேயே பெரியவளைக் கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றாள் விஞ்ஞானி.

"உனக்கு அறிவிருக்காடி? கல்நெஞ்சுக்காரி. கொழந்தை மனசு என்ன பாடுபட்டிருக்கும்..."

"அம்மா, தண்ணி" என்றாள் பொடிசு.

அம்மா எவர்சில்வர் டம்ளரில் மொண்டு கொடுத்தாள். பொடிசு மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்ததும் கை தானாகக் காற்றில் நீண்டது. அம்மா வழக்கம்போலப் பாய்ந்துவந்து அடியில் உள்ளங்கையை ஏந்தினாள்.

பொடிசு விரலைப் பிரிக்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். மேஜையருகே போய் டொக்கென்று வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

அம்மா பெரியவளைப் பார்த்தாள்.

"போன வாரம்" என்றாள் அம்மா.

"ஒரு வாரமா!" என்றாள் பொடிசு. ஷூவைக் கழற்றி அலமாரியில் வைக்க உள்ளே போனாள்.

அம்மாவின் கை இன்னும் காற்றில் ஏந்தியபடியே இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.