வெட்டு உத்தரவு வராத கரும்பு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த மறு வருடம், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஆதிமூலம் குத்தகை நிலத்தில் போட்டிருந்த கரும்பு மலையைவிட உயரமாக வளர்ந்தது. மலை மேல் கரியாலூர் அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் அதன் தோகையை எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, ஈரத் துணியோடு வண்டி ஏறினார்கள். மரவள்ளிக் கிழங்கின் விலை இறங்கியிருந்த நேரம் அது. சந்தையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

கரும்பு வளர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அதற்கு வெட்டு உத்தரவு வரவில்லை. நம் பக்கத்தில் கரும்பு போட்டவன் நினைத்த நாளில் அதை வெட்டிவிட முடியாது. நட்ட தேதியை வைத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலை உத்தரவு கொடுக்கும், அதன் பிறகுதான் வெட்டு ஆட்கள் வயலில் இறங்குவார்கள். பக்கத்து வயல்களெல்லாம் மொட்டையான பிறகு, பொறுத்துப் பார்த்த ஆதிமூலம் தானே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். அரிவாள் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு கரும்பும் சாயவில்லை. உத்தரவு இல்லாத கரும்புக்கு வளர்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

உத்தரவுகளைக் கொடுத்துவந்தது ஆலையின் சர்வர். அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம் மிகப் பழையது, செய்தவர்களே கைவிட்டது. தணிக்கைக்கு வந்தவர்கள் கண்டித்துவிட்டுப் போனதும், அதை மாற்றும் வேலை கணினிப் பொறுப்பாளன் அறிவுச்செல்வனிடம் வந்தது. விவசாயிகளின் கரும்புப் பதிவுகளை வெளியே நகல் எடுக்க வேண்டும், பழையதை அழிக்க வேண்டும், புதியதை ஏற்றிப் பதிவுகளைத் திரும்ப வைக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் புதியது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் என்று மேலாளர் காசிநாதன் கையில் தேங்காயோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. அறிவுச்செல்வன் ஒப்பிடாமலே அழித்தான். தேங்காய் நல்லபடியாக உடைந்தது.

நகல் எடுத்தபோது மென்பொருள் முதல் வரியைத் தலைப்பு என்று எண்ணி விட்டுவிட்டிருந்தது. அந்த வரியில் இருந்தவர், ஆலையின் முதல் உறுப்பினரான ஆதிமூலம். சில வாரம் கழித்து அவர் உத்தரவு கேட்டு வந்தபோதுதான் அது அறிவுச்செல்வனுக்கே தெரிந்தது. மறுபடி பதிய ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் எப்படிப் போயிற்று என்று காசிநாதன் கேட்டார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த வெள்ளிக்கிழமையும் ஆலை வாசல் வழியாக ஓர் ஊர்வலம் போயிருந்தது. அப்போது கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியதும் உண்மை. யுபிஎஸ் இருந்ததால் சர்வருக்கு ஒரு கேடும் வரவில்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கொடிக்கம்பு மின்கம்பியில் பட்டுப் பதிவு அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். சொன்னவன் யார்? முந்தைய போராட்டத்தில் கிடைத்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட்டு வாங்கியவன். அதற்காக அவன் அப்பா நடுரோட்டில் படுத்து அடி வாங்கியவர்.

காசிநாதன் புகார் கொடுத்தார். போலீஸ், ஊர்வலத்தில் எல்லாரையும்விட நீளமான கொடிக்கம்பு பிடித்தவனைத் தேடிப் பிடித்தது. அவன் ஆதிமூலத்தின் மகன் தமிழரசன். தன் அப்பனின் கரும்புப் பதிவை எந்தப் பிள்ளையாவது அழிப்பானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தமிழரசன் காவலர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் தேறி, ஆணைக்காகக் காத்திருந்தவன். வழக்கு இருக்கிறவனுக்கு அந்த வேலை கிடையாது. வழக்கு முடியும்வரை ஆதிமூலத்தின் பதிவைத் தொடக்கூடாது என்று ஆலையும் சொல்லிவிட்டது. கரும்பு மலையைத் தாண்டியது அதற்குப் பிறகுதான்.

அவ்வளவு உயரமான கரும்பின் நிழல் வயலில் விழவில்லை, மலையிலும் விழவில்லை. அது அறிவுச்செல்வன் மேல் விழுந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அவனைச் சுற்றித் தோகை அசைந்தது. திருநாவலூரில் தங்கை கல்யாணத்துக்குப் போனான், அங்கும் வந்தது. புகைப்படக்காரர் இரண்டு முறை அவனை இடம் மாற்றி நிற்கவைத்துப் பார்த்துவிட்டு விளக்கைக் கூட்டிக்கொண்டார். அவனுக்கு யார் முகத்தையும் பார்க்கக் கூசியது. சாப்பிடக் கூசியது. அப்பா போன் செய்தால் எடுக்கக் கூசியது.

அரவைப் பருவம் முடியும் தறுவாயில் ஆதிமூலத்தின் மனைவி அம்சவள்ளி ஆலை வாசலுக்கு வந்தாள். டிராக்டர்காரர்கள் வரிசையில் வெயிலில் நின்றிருந்தார்கள். அவள், வெளியே வந்த அறிவுச்செல்வனின் காலடியில் அசைந்த தோகை நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க கரும்பு நெழலு உங்க மேல இன்னாத்துக்கு வுழுது தம்பி? எங்க வூட்டுக்காரரு மேலகூட வுழலியே" என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. தெரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான். அதுதான் அவனை உடைத்தது.

"கரண்டால போவலம்மா. உங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சரிபாக்காம அழிச்சிட்டேன். அழிச்சிட்டுப் பொய் சொன்னேன்" என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

ஆலை பேர் கெட்டுவிடும் என்று காசிநாதன் அவனை உள்ளே இழுத்தார். அவன் நேரே கள்ளக்குறிச்சிக்குப் போய் காவல் நிலையத்திலும் அதையே சொன்னான், பிறகு நீதிமன்றத்திலும். ஆலை அவனைக் கணினியிலிருந்து எடுத்து எடைமேடைக்கு அனுப்பியது. ஆதிமூலத்துக்கு உத்தரவு வந்தது. அரிவாள் இறங்கியது. அடியில் வெட்டிய கரும்பின் நுனி மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்தில் விழ, ஆத்தூர் வழியாகச் சுற்றிப்போய் ஏற்றி வந்தார்கள். ஆனால் நீதிமன்றம் தன் வேகத்தில்தான் நடந்தது. தமிழரசன் மேலிருந்த வழக்கு தள்ளுபடி ஆனபோது காவலர் வேலைக்கான வயது வரம்பை அவன் தாண்டியிருந்தான். சரக்கு ஆட்டோ ஓட்டப் போனான்.

கரும்பு போன பிறகும் நிழல் போகவில்லை. அறிவுச்செல்வனும் அது போகும் என்று எதிர்பார்க்கவில்லை. எடைமேடையில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் மத்தியானத்தில் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து பழகிக்கொண்டார்கள்.

ஒரு சித்திரை மாதம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தமிழரசன் உச்சி வெயிலில் நின்றிருந்தான். வண்டி பழுது, பஸ்ஸுக்குக் காத்திருந்தான். அவனைப் பார்த்ததும் அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டு விலகி நடந்தான். நிழலும் கூடவே நகர்ந்தது.

"நவுராதீங்க" என்றான் தமிழரசன். "வெயிலு ஜாஸ்தியா இருக்குது. பஸ்ஸு வர்ற வரைக்கும் நில்லுங்க."

அவன் குரலில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. அறிவுச்செல்வன் திரும்பி வந்தான். நிழல் முழுதும் தமிழரசன் மேல் விழும்படி பார்த்துப் பார்த்துத் தள்ளி நின்றான். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.