காற்றாடி வேண்டாமென்ற ஆத்தா

எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் எங்கள் ஊருக்கு ஒரு சர்க்கார் ஜீப் வந்தது. திண்டிவனத்திலிருந்து ஜீப் வந்தால் ஒன்று வரி கேட்க வரும், இல்லை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வரும். இரண்டுக்கும் பயந்து பாதி ஊர் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டது. வந்த இன்ஜினியரோ தாண்டவராயனின் கல்லுமேட்டில் ஏறி நின்று, "நல்ல காத்துங்க" என்று மகிழ்ந்துபோனார். அங்கே பெரிய பெரிய காற்றாடிகளை நட்டுக் கரண்டு எடுக்கப்போகிறார்களாம். எங்கள் மேல் வீசுகிற காற்றை எங்களைக் கேட்காமல் எடுப்பதா என்று எங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராமல் இருக்குமா?

எதிர்ப்பது என்று முடிவான பிறகுதான் எதற்காக எதிர்ப்பது என்று பேசினோம். காற்றாடி சுற்றினால் பேய்க்காற்று அடித்து முந்திரிப் பூவெல்லாம் கொட்டிவிடும் என்றார்கள் தோப்புக்காரர்கள். இருக்கிற காற்றையும் அது தின்றுவிடும், கேப்பை தூற்றக் காற்றிருக்காது என்றார்கள் களத்துக்காரர்கள். மேகத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோட்டக்குப்பத்துக் கடலில் மழையைக் கொட்டிவிடும் என்றான் வேங்கடேசன். அவனுக்குத் தோப்பும் இல்லை, களமும் இல்லை. பிரசிடெண்டு பெரியதம்பி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதி, எங்களை லாரியில் ஏற்றித் தாலுக்கா ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

"காத்து ஜாஸ்தியாவும்னு பயமா, கம்மியாவும்னு பயமா?" என்று கேட்டார் தாசில்தார்.

உடனே தோப்பும் களமும் அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டன. பெரியதம்பிதான் விலக்கிவிட்டு, "ரெண்டுந்தாங்க" என்றார்.

ஊரில் காற்றாடி வேண்டும் என்றவள் ஒரே ஒருத்தி. தாண்டவராயன் பெண்சாதி அஞ்சம்மாள். மேட்டுக்குக் கீழேதான் அவர்கள் கிணறு. மோட்டாருக்குக் கரண்டு கேட்டு எழுதிப்போட்டபோது கைக்குழந்தையாக இருந்த மகள் வயசுக்கு வந்து, கல்யாணமாகியும் போய்விட்டாள். கரண்டுதான் வரவில்லை. அவர்களுடைய ஆயில் இன்ஜின் ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் மக்கர் பண்ணும். அந்த இரண்டு நாளும் கொல்லையில் மல்லாட்டைக் கொடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பாள். "லைன் உங்க கிணத்து மேலதாம்மா போகும், மொதல் சர்வீஸ் உங்களுக்குத்தான்" என்று இன்ஜினியர் அவளிடம் சொல்லியிருந்தார்.

ஊர் ஒப்புக்கொண்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறிடம் பார்க்கிறேன் என்று அவர் எங்களிடமும் சொல்லிவிட்டார். சரி, பச்சைவாழியம்மனையே கேட்டுவிடுவோம் என்று ஊர் கூடி முடிவு செய்தோம். செய்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் ஆத்தா வருவதே தாண்டவராயன் மேல்தான். மேடும் அவனுடையது, கிணறும் அவனுடையது. உத்தரவு கேட்கிற அன்று காலையிலிருந்தே அஞ்சம்மாள் சிரித்த முகமாக வளைய வந்தாள்.

"பயப்படாதீங்க. அவன் மேல வர்ற சாமி என்னிக்குமே அவனுக்கு நல்லது சொல்லாது" என்றார் பெரியதம்பி.

பம்பை அடித்தார்கள். தாண்டவராயன் வேப்பிலையோடு ஆடினான். "என் மேட்டுல இரும்ப நடாதீங்கடா" என்றாள் ஆத்தா. எங்களுக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் அஞ்சம்மாள் தெருவில் வைத்துப் புருஷனைக் கிழித்தாள். "ஊர்ல அவனவன் சாமி அவனவனுக்குக் கேட்டதக் குடுக்குது. என் வூட்டு சாமி என் வாயிலயே மண்ணப் போடுது. ஒரு வார்த்த மாத்திச் சொன்னா ஒன் வாயி வெந்துபூடுமாய்யா?"

"நானா சொன்னேன்? ஆத்தா சொன்னா. எனக்கு என்னா தெரியும்?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த வாரமே அதே ஜீப் மறுபடி வந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் பெரியதம்பியின் தரிசு மேட்டில் நின்றது. "ஆத்தா அந்த மேட்டுலதான வேணாம்னா? எல்லா மேட்டுலயுமா வேணாம்னா?" என்று பெரியதம்பி எங்களைக் கேட்டார். கிடா வெட்டிச் சாப்பாடும் போட்டார். கறி வாயில் இருக்கும்போது யோசித்தால் அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. காற்று ஏரிப்பக்கம் வேறு மாதிரி என்று தோப்பும் களமும் முதல்முறையாக ஒத்துப்போயின. ஒப்புக்கு ஆத்தாவிடம் இன்னொரு உத்தரவு கேட்டுவிட்டால் தீர்ந்தது.

மறுபடி பம்பை. தாண்டவராயன் கண்ணை மூடி நின்றான். அவன் உடம்பு அசைவதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல். அஞ்சம்மாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நடுவில் வந்து ஆடினாள்.

"மேடு ஒன்னுதுடா பெரியதம்பி, காத்து என்னுது. எங்க நட்டாலும் ஒன் வம்சம் வெளங்காது."

பெரியதம்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஜீப் போனதுதான், அப்புறம் வரவில்லை. காற்றாடிகளைத் தெற்கே எங்கேயோ நட்டுவிட்டதாகக் கேள்வி.

அது நிஜ ஆத்தாதானா என்று எங்களுக்குள் குசுகுசுப்பு. கொல்லையில் அவள் காக்கை ஓட்டுகிற குரலும் அதுதானே. ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல யாருக்குத் தைரியம்? வெள்ளிக்கிழமைதோறும் குறி கேட்க அவளிடம் கூட்டம் சேர ஆரம்பித்தது. பெண்ணுக்கு வரன், காணாமல்போன மாடு, எதைக் கேட்டாலும் பட்பட்டென்று சொன்னாள். அவளைத் துளிச் சந்தேகமில்லாமல் நம்பியவன் ஒரே ஆள்தான்.

அவன் ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, ஈர வேட்டியோடு கூட்டத்தில் வந்து நின்றான். முறை வந்ததும் பெண்சாதி முன்னால் கை கூப்பினான்.

"ஆத்தா, எங்க கெணத்துக்கு எப்ப கரண்டு வரும்? எனக்காவ கேக்கலீங்க. அஞ்சம்மா ரொம்ப ஆசப்பட்டா. தெனம் வரப்புல நின்னுக்கினு கண்ணு கலங்கறா. பாக்க முடியல."

அஞ்சம்மாளின் கையிலிருந்த வேப்பிலை ஆடாமல் நின்றுவிட்டது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். எங்களில் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் இருவரும் டீசல் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். தாண்டவராயன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே நடந்தான்.

"ஒனக்கு நெனவிருக்காது அஞ்சம்மா. நேத்து ஆத்தாவே நமக்காவ அழுதுட்டா. இனிமே கரண்டு ஜல்தியா வந்துடும் பாரு."