கிறேஸ் மாமியின் செத்தவீடு

பாஸ் வரிசையில் நான் முப்பத்தோராவது ஆள். ஒரு நாளைக்கு முப்பது பாஸ்தான் கொடுப்பார்கள். மன்னாரை விட்டுக் கொழும்புக்குப் போவதற்கு இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஊர் விதானையாரின் கடிதம் வேண்டும், கடிதத்தில் ஒரு காரணம் வேண்டும். வருத்தம், சத்திரசிகிச்சை, நேர்முகப் பரீட்சை எல்லாம் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்தன. சாவு மட்டும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. ஆகவே நான் கிறேஸ் மாமியைச் சாகடித்தேன்.

கிறேஸ் மாமி என் ஐயாவின் தமக்கை, வயது அறுபத்திரண்டு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாசம், நீரிழிவு. இந்த விபரங்களில் ஐயா மட்டும்தான் உண்மை. அவர் சிலாபத்துப் பக்கமிருந்து வந்து கலியாணம் கட்டியவர், இறந்து ஒன்பது வருடம். அவருடைய சொந்தக்காரர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பிறக்காத ஒருவரைச் சாகடிப்பதில் பாவமில்லை என்று முடிவு செய்திருந்தேன். கோயில் பாட்டுக்குழுவில் கிற்றார் வாசிப்பவனுக்கு இந்த அளவு வேதசாத்திரம் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

உண்மையான காரணம் ஒரு அல்பம். அதை வெளியிட்ட றொக் குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் தங்கள் பாட்டில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள், இந்த விசயத்தில் அவர்கள்மேல் குற்றமில்லை. இரண்டு கிழமைக்கு முன் லண்டன் வானொலியில், கடல் இரைவதுபோன்ற கரகரப்புக்கு நடுவில், அதிலிருந்து ஒரு பாட்டின் தொடக்கத்தை நாற்பது செக்கன் கேட்டிருந்தேன். ஒரு கிற்றார் படியேறிப் போகிறது, இன்னொன்று அதே படியால் இறங்கி வருகிறது, இரண்டும் நடுவில் இடித்துக்கொள்ளாமல் விலகுகின்றன. பிறகு வானொலி விழுங்கிவிட்டது. பதினான்கு நாட்களாக அந்த நாற்பது செக்கனைச் சோற்றோடும் செபமாலையோடும் சேர்த்து மென்றுகொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் கசற் கடையொன்றில் வேலை செய்த நண்பன் சிங்கராசா, கசற் வந்து இறங்கிவிட்டது, ஆறு பிரதிதான், உடனே வா என்று கடிதம் போட்டிருந்தான். காத்திருக்கலாம், யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாம். அதெல்லாம் சங்கீதம் தெரியாதவர்கள் செய்கிற காரியம்.

எனக்கு முன்னால் முப்பதாவதாக நின்றவர் திரேசம்மா அன்ரி. எங்கள் தெருவில் நாலாவது வீடு. அவருடைய மகன் டொமினிக்கைக் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் சுற்றிவளைப்பில் பிடித்து ஏழு மாதம். ஒரு தடவையும் பார்க்க விடவில்லை. இப்போதுதான் புதன்கிழமை வந்து பார்க்கலாம் என்று துண்டு வந்திருந்தது. இது எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

"எங்கையடா கிறகரி இந்த வெயிலுக்க?"

"கொழும்புக்கு அன்ரி. ஐயான்ர அக்கா மோசம் போட்டா."

"என்ர மாதாவே! எப்ப அடக்கம்?"

"நாளைக்கு நாலு மணிக்கு."

நேரத்தைக்கூட நான் யோசிக்கவில்லை, அதுவாக வந்தது. அவர் என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் இழுத்துவிட்டார். "நீ முன்னுக்கு நில்லு. செத்தவீட்டுக்குப் போறவனை மறிச்சுக்கொண்டு நிக்கேலுமே."

"இல்லை அன்ரி, உங்களுக்குப் புதன்கிழமை..."

"சும்மா நில்லடா. அவன் எங்க ஓடப்போறான், பூட்டித்தானே வைச்சிருக்கினம். நாளைக்கு எனக்குப் பாஸ் கிடைச்சாலும் போய்ச் சேருவன். செத்த முகம் அப்பிடியே? மூடினா மூடினதுதான்."

மாமி சாகவில்லை என்று சொல்வதற்கு எனக்கு அதற்குப் பிறகு மூன்று நிமிடம் இருந்தது. மூன்று நிமிடம் என்பது ஒரு முழுப்பாட்டு. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பவர்களுக்கு அது துக்கம் மாதிரித் தெரிந்திருக்கும். சிப்பாய் கடிதத்தைப் பார்த்து, "மலகெதர?" என்று சிங்களத்தில் கேட்டான். செத்தவீடுதான் என்று தலையாட்டினேன். "பாவங்" என்று தமிழில் சொல்லி முத்திரை குத்தினான். அன்றைய கடைசி முத்திரை. திரேசம்மா அன்ரி வழிக்கென்று கட்டிக்கொண்டு வந்த சோத்துப் பாசலை என் கைக்குள் திணித்தார். "நான் வீட்டதானே போறன். நீ பசியோட அழாத."

மதவாச்சியில் றெயில் ஏறியதும் அதைச் சாப்பிட்டேன். பாரை மீன் பொரியல், சம்பல். நன்றாக இருந்தது.

அல்பத்தைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. சிங்கராசாவின் வோக்மனில், அவனுடைய அறையின் பாயில் படுத்துக்கொண்டு, முதல் பக்கத்தை நாலு தடவை கேட்டேன். அந்த நாற்பது செக்கன் ஒரு வாசல்தான், உள்ளே முழு வீடு இருந்தது. ட்ரம்காரன் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் விட்டான்; அந்த வெறுமையில் என் நெஞ்சு தானாக ஒரு அடி அடித்தது. நான் எழுந்திருந்து சிரித்தேன். "உனக்கு விசரடா," என்றான் சிங்கராசா. அது திங்கட்கிழமை இரவு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, கிறேஸ் மாமியை அடக்கம் செய்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில், நான் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் இயக்கப் பெடியளின் பாட்டோ என்று பார்க்கக் கசற்றைப் போட்டுக் கேட்டார்கள். சிப்பாய் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டுத் தந்தான். மன்னாருக்குள் முதல் இரசிகர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப் படலையைத் திறந்தேன்.

அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தா. "வா மோனே. மாமியைத் தாட்டுப்போட்டு வாறியோ?"

நேர்முகப் பரீட்சை என்றுதான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"மூண்டு நாளா அடுப்பு மூட்ட விடேல்லச் சனம். செத்தவீடாம், சோறு கொண்டு வருகுதுகள். திரேசம்மா வந்து கட்டிப்பிடிச்சு அழுகிறா, நான் என்னத்தைச் சொல்ல? பொய் எண்டு சொல்லி உன்னைக் காம்பில குடுக்கவோ? இல்லாத மச்சாளுக்கு நானும் இருந்து அழுதன்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "நீ போன அடுத்தநாள் வெளிய போற றோட்டு பூட்டு, உள்ள வரத்தான் விடுறாங்கள். இன்னும் பாஸ் இல்லை. டொமினிக்கை நேற்றுத் தெற்கால எங்கயோ மாத்திப்போட்டாங்களாம். எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது: அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் தலைக்குள் அந்தக் கிற்றார் படியேறிக்கொண்டுதான் இருந்தது. நிற்பாட்டத் தெரியவில்லை.

பொழுதுபட முன் திரேசம்மா அன்ரி சோற்றுச் சட்டியோடு வந்தார். சட்டியை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"முகம் பாத்தனியே?"

"ஓம் அன்ரி."

"மெலிஞ்சு போயிருந்தாவோ?"

"கொஞ்சம்."

"என்ன உடுத்தினவை?"

"வெள்ளைச் சீலை."

"சிரிச்ச மாதிரிக் கிடந்தாவோ? சிலபேர் அப்பிடிக் கிடப்பினம்."

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டா. பானை ஒன்றைத் தேவையில்லாமல் நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ஓம்," என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "அது காணும். ஒருத்தராவது ஒரு முகத்தைப் பாத்திட்டு வந்தீங்களே."

"அன்ரி, நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"ஒண்டும் சொல்லாத. வழி விட்டது பெரிய விசயமே? நான் போய் நிண்டிருந்தாலும் அவங்கள் அவனைக் காட்டியிருப்பாங்களோ ஆருக்குத் தெரியும்." கண்ணைத் துடைக்காமல் எழுந்தார். "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிறேஸ் அக்கான்ர பேரைக் குடுத்திருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் அந்தப் பெயரை ஒலிவாங்கியில் வாசித்தார். சபை முழுவதும் மாமியின் ஆத்துமத்துக்காக மன்றாடியது. இறந்தோர் பாட்டுக்கு நான்தான் கிற்றார். முன் வாங்கில் திரேசம்மா அன்ரி முக்காட்டுக்குள் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மாமிக்காக அல்ல என்பது எனக்கு விளங்கியது. அழுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரேயொரு செத்தவீடு நான் கொடுத்ததுதான். இரண்டு இடத்தில் கிற்றாரில் சுரம் பிழைத்தது. துக்கத்தில் பிழைத்தது என்று எல்லோரும் மன்னித்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கிறேஸ் அக்கான்ர படம் ஒண்டு இருக்குமே? சின்னப் படமெண்டாலும் காணும். டொமினிக்கின்ர படத்துக்குப் பக்கத்தில வைச்சு மெழுகுதிரி கொழுத்தலாம். அவனுக்காக அங்க ஆண்டவரிட்டச் சொல்ல எங்கட ஆள் ஒண்டு போயிருக்குத்தானே."

என் வாய் திறந்தது. சரியாகத்தான் திறந்தது. உண்மைக்கும் பொய்க்கும் வாய் ஒரேமாதிரித்தான் திறக்கிறது.

"தேடிப் பாக்கிறன் அன்ரி," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கோயில் வாசலால் இறங்கி வெயிலுக்குள் நடந்தார். தெருவின் நடுவில் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. பஸ் அடித்த ஹோனுக்கு அது அசையவில்லை. திரேசம்மா அன்ரி கிட்டப் போனதும், யாரும் சொல்லாமலே, இரண்டடி ஒதுங்கி அவருக்கு வழி விட்டது.