எத்திராஜ் என்கிற பேர்

"எத்திராஜி! டேய் எத்திராஜி! மூக்கச் சிந்திட்டு வாடா, கய்தே!"

மணியக்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. குழம்புக் கிண்ணத்தோடு எதிரே நின்ற சாரதா சட்டென்று சுவரைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் உள்ள அந்த ஊரின் மணியக்காரர் பேர் எத்திராஜ். வீட்டுக் கொல்லையை ஒட்டியே அவர் வயல். அங்கே சித்திரைப் பட்டமான சொர்ணவாரிக்கு நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு வந்த காலனிக்காரி எல்லம்மாள் தன் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்ட கூப்பாடு அது.

"யாருடி அவ?"

"வேதகிரி பொண்டாட்டிங்க."

"என் பேரச் சொல்லிக் கய்தன்றா?"

"அவ புள்ளயத்தாங்க சொல்றா. அவனுக்கும் அதான் பேராம்."

மணியக்காரர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அந்தப் பக்கத்தில் அந்தப் பேருக்குப் பஞ்சமே கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு யதிராஜர் என்றும் ஒரு பேர் உண்டு. யதி என்றால் துறவி, துறவிகளுக்கெல்லாம் ராஜா. ஜனங்களின் வாயில் அது எத்திராஜ் ஆயிற்று. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி எத்திராஜ் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவர் கண்டக்டராக இருப்பார். அவர்கள் யாரோடும் மணியக்காரருக்குச் சண்டையில்லை. காலனியில் ஒருவன் இருப்பதுதான் பேஜார்.

இத்தனைக்கும் அவர் பேரை ஊரில் யாரும் உபயோகிப்பது கிடையாது. ஊருக்கு அவர் மணியக்காரர். பிள்ளைகளுக்கு நைனா. சாரதாவோ புருஷன் பேரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இருபத்திரண்டு வருஷமாக "ஏங்க", "இந்தாங்க". கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை முழங்கையால் இடிப்பாள். இடிபட்டவள் சொல்வாள்.

"ஜூன்ல அந்தப் பயலப் பள்ளிக்கூடத்துல சேக்கப்போறாங்களாம்" என்றார் மணியக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே. "ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சின்னா போச்சு. நாளைக்கு ஓட்டர் லிஸ்ட்ல நானும் எத்திராஜ், அவனும் எத்திராஜா? நீ போய்ச் சொல்லு. பேர மாத்தலன்னா நடவு, களை, அறுப்பு எதுக்கும் அவ வரவேணாம். அவ புருஷனுக்கும் ஏர் கெடையாது."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் போய்ப் பேசறதா? அந்தப் பொடியனுக்கு அவ்ளோ மரியாதையா?"

சாரதா வரப்புக்குப் போனாள். பதினெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"எல்லம்மா, கொஞ்சம் இங்க வா."

"கைல நாத்து கீதும்மா. அங்கருந்தே சொல்லுங்க, காது நல்லாத்தான் கீது."

"உன் புள்ள பேர மாத்தணுமாம்."

"எந்தப் பேருங்கம்மா?"

"அதான்டி, அந்தப் பேரு."

"அவனுக்கு நாலு பேரு கீது. அவங்க நைனா குட்டின்னுவாரு. எங்க மாமியாரு கருப்பான்னும். எதுன்னு சொன்னாத்தான மாத்தலாம்?"

குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வரிசையில் மூத்தவளான கோவிந்தம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "சொல்லும்மா, வெயிலு ஏறுது" என்றாள்.

"சாமி பேருடி. ஸ்ரீபெரும்புதூர் சாமி."

"ராமானுஜரா? எங்காளுங்கள்ல அந்தப் பேரு யாருக்கும் இல்லியே."

"அவருக்கே இன்னொரு பேரு கீதில்ல?"

"உடையவரு?"

"அது இல்லடி! சாமியாருக்கெல்லாம் ராஜான்னு அர்த்தம் வரும்."

"அர்த்தம் வேற கீதா?" என்றாள் கோவிந்தம்மாள். "நல்ல அர்த்தமாத்தான கீது. அப்றம் எதுக்கு மாத்தணும்?"

வரிசை முழுவதும் சிரித்தது. எல்லம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் வைத்துவிட்டு வரப்பருகே வந்தாள்.

"அது எங்க மாமனாரு பேரும்மா. உங்க மாமனாரு காலத்துல அவரு உங்க வூட்லதான் ஏர் ஓட்னாரு. உங்க வூட்ல ஆம்பளப் புள்ள பொறந்து, அதுக்கு அதே பேர வச்சாங்க. வச்ச அன்னிக்கே எங்க மாமனார மொட்டைன்னு கூப்ட ஆரம்பிச்சிட்டாங்க. அவருக்கு அப்போ கல்யாணமே ஆயிடுச்சி. சாவற வரிக்கும் மொட்டை. செத்தப்பவும் மொட்டை செத்துட்டான்னுதான் உங்க வூட்டுக்காரரு சாவுக் கணக்குல எழுதனாரு. ஒருவாட்டி பேரக் குடுத்துட்டோம். ரெண்டாவது வாட்டி குடுக்கறதுக்கு இல்ல."

சாரதாவுக்கு இது புதுச் சேதி. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"நாளைலேர்ந்து வேலைக்கு வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"யாரு?" என்றாள் கோவிந்தம்மாள், ஒன்றும் தெரியாதவள்போல.

வெயில் சாரதாவின் உச்சந்தலையில் இறங்கியது. வரப்பு காலைச் சுட்டது. பதினெட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்திராஜ்!" என்று கத்தினாள்.

யாருக்கும் ஆயுசு குறைந்ததாகத் தெரியவில்லை. பூவரச மரத்தடியிலிருந்து பையன் ஒரு கையால் டிராயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னாம்மா?"

சாரதா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவள் கூப்பிட்டதில்லை. ஆகவே அந்தப் பேருக்கு யாரும் அவளிடம் ஓடிவந்ததும் இல்லை.

"ஒண்ணுமில்ல, போய் வெளையாடு" என்றாள். பிறகு எல்லம்மாளிடம், "நான் சொல்ல வந்தத சொல்லிட்டேன். நீ உன் இஷ்டம்போலச் செய்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் எல்லம்மாளை, நடவுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பதினேழு பேரும் வரவில்லை. பறித்துப் போட்ட நாற்று முடிகள் தண்ணீரில் கிடந்தன. மேஸ்திரி பெருநகருக்குப் போய் ஆள் கேட்டார். "உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்று அங்கே கேட்டார்கள். அவர் கதையைச் சொன்னார். ஒருத்தி, "எங்க வூட்லயும் ஒரு எத்திராஜ் கீறான், பரவால்லியா?" என்றாள். மேஸ்திரி வெறுங்கையோடு திரும்பினார்.

மூன்றாம் நாள் நாற்று மஞ்சளடித்தது. பேருக்காக எத்தனை மூட்டை நெல்லை விடுவது? மணியக்காரர் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டார். மேஸ்திரியே புரிந்துகொண்டு காலனிக்குப் போனார். எல்லம்மாள் பழைய இடத்திலேயே நின்று நட்டாள். வேதகிரிக்கு மட்டும் அதற்குப் பிறகு ஏர் கொடுக்கவில்லை. அவன் செங்கல் சூளைக்குப் போனான். இருமல் வாங்கிக்கொண்டு வந்தான்.

ஜூனில் தலைமையாசிரியர் பாண்டுரங்கன் பையனின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டான். வயது சரி.

"பேரு?"

"எத்திராஜி!" என்றான் பையன், தெருவுக்கே கேட்கும்படி.

பாண்டுரங்கன் ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார்: வே. எத்திராஜ்.

மணியக்காரர் பொறுத்தது ஒரு மாதம். பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்கு மூன்றாவது மனை. காலையில் ஆஜர் எடுக்கும் சத்தம் வீடுவரை கேட்கும். ஆடி பிறக்கும் முன்பே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினார். அரசாங்க கெஜட்டில் தன் பேரை ராஜாராம் என்று மாற்றிக்கொள்ள விண்ணப்பம் வாங்கினார். சாரதா இனி ராஜாராம் என்று சொல்லக்கூடாது.

அங்கேயே எழுதிக் கொடுத்ததை ஆபீஸ் குமாஸ்தா வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க. காரணம்னு ஒரு கட்டம் கீது பாருங்க, அத வுட்டுட்டீங்க."

"அதுல இன்னா எழுதணும்?"

"பேர எதுக்கு மாத்தறீங்கன்னு. நல்ல பேராச்சேங்க, எங்க பெரியப்பாவுக்கும் இதே பேருதான்."

மணியக்காரர் பேனாவைத் திறந்தார். எதிர்ச் சுவரில், தீண்டாமை குற்றம் என்று அரசாங்கமே அச்சடித்து ஒட்டியிருந்தது. பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

'ஜாதக தோஷம்' என்று எழுதினார்.

"தோஷம் பேருக்கா, உங்களுக்கா?" என்றார் குமாஸ்தா. விளையாட்டாகத்தான் கேட்டார். "சரி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

மணியக்காரர் ராஜாராம் என்று ரா போட ஆரம்பித்தார்.

"அய்யோ, அது இல்லீங்க" என்று குமாஸ்தா தடுத்தார். "புதுப் பேரு இன்னும் உங்களுது ஆவல. பழைய பேருலதான் போடணும்."

மணியக்காரர் ராவை அடித்துவிட்டு எத்திராஜ் என்று கையெழுத்துப் போட்டார்.