மிளகளவு தோல்

தம்பியின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வியர்வையில் நனைந்த தலையணையை மறுகையால் உருவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அக்கா எடுக்கவில்லை.

"எடுக்கா. ஆய்வுக்கூடமா இருக்கும்" என்றான். பேச்சைவிட மூச்சுதான் அதிகம் வந்தது.

பேருந்து ஓட்டியவன். ரத்தப் புற்று. மருந்துகள் கைவிட்ட பிறகு அவனே கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ரத்தத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது, அது பிறவியிலேயே வந்ததா, நோயோடு வந்ததா என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிறவியில் வந்ததென்றால் மகளுக்கும் இருக்கலாம்.

"அவ குளிச்சிட்டு வந்து கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பாக்குறாக்கா, எனக்கு வந்த மாதிரி எங்கயாவது கன்றிப் போயிருக்கான்னு. ரத்தம் குடுத்துப் பாரும்மான்னா ஓடிடறா. நீதான் ஏதாவது வழி பண்ணணும்" என்று அக்காவிடம் அப்போதே சொல்லியிருந்தான்.

அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அதற்கு வழி இருந்தது. பிறவியில் வந்த கோளாறு என்றால் தோலிலும் இருக்கும். அவன் கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்தார்கள்.

"சின்ன வயசுலேர்ந்து தோலை உரிச்சுடுவேன், தோலை உரிச்சுடுவேன்னு சொல்லிட்டே இருந்த. சாதிச்சுட்ட" என்று அன்று சிரித்தான்.

தோலுக்குள்ளும் நோயுற்ற ரத்த அணுக்கள் புகுந்து கிடந்தன. தோல் செல்லோடு அவையும் கலந்தால் விடை கெட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் தோலை வளர்த்துப் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் அவனிடம் இல்லை. அதனால் அக்கா அந்தத் தோலை மெல்லிய இழையாகச் சீவி, நுண்ணோக்கித் திரையில் தோல் செல்களை மட்டும் சுற்றிக் கோடு வரைந்தாள். கோட்டின் மேலேயே லேசர் வெட்டிக்கொண்டு போக, துணுக்குகள் குப்பி மூடியில் போய் ஒட்டின. வருடக்கணக்காகச் செய்யும் வேலை. அன்று மட்டும் பாதியில் எழுந்தாள். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். சந்தேகம் வந்த செல்களையெல்லாம் விட்டுவிட்டாள். மேற்கொண்டு செய்ய வேண்டிய சோதனையை ஆய்வுக்கூடத்தின் தலைவி தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது அக்கா கைப்பேசியை எடுத்ததும் பேசியது அவர்தான்.

"தோல்ல அது இல்லவே இல்லம்மா. சந்தேகத்துக்கு மறுபடியும் ஓட்டிப் பாத்துட்டேன். போய்ச் சொல்லு."

அக்கா கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

"பிறவில வந்தது இல்லடா. உனக்கு நடுவுல வந்தது."

"அப்ப என்னோட போயிடும்."

"ம்."

"அவளக் கூப்பிடு."

மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்கிட்டேர்ந்து உனக்கு மூக்கு மட்டும்தான் வந்திருக்கு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையசைத்தாள். மகள் அப்படியே அவன் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. வாசற்படியில் நின்ற தம்பி மனைவி அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள்.

மதியம் தூங்கினான். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. பிறகு இடைவெளி மட்டும்தான்.

"அண்ணி..." என்றாள் தம்பி மனைவி.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். கூடத்தில் பேருந்துப் பணிமனை நண்பர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் மகள் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பாவம், எழுப்பி உள்ள படுக்கச் சொல்லட்டுமா?" என்றார் ஒருவர்.

"வேணாங்க. தூங்கட்டும்" என்றாள் அக்கா.

பாதி குடித்த தேநீர்க் கோப்பை அவள் மடியில் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் எடுத்துக்கொண்டாள்.